புறநகருக்கு டாக்ஸி வர மறுத்தால்: ஊருக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரிய நகரத்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில்தான் வீடு பார்க்கிறார்கள். வாடகை கட்டுப்படியாவது அங்கேதான். பகலில் பேருந்தும் ரயிலும் இருப்பதால் தூரம் அவ்வளவாக உறைக்காது. இரவு பத்தரைக்கு நகர நடுவில் நின்று டாக்ஸிக்குக் கை காட்டும்போதுதான் உறைக்கும். வண்டி நிற்கும், கண்ணாடி பாதி இறங்கும், நீங்கள் பேட்டையின் பெயரைச் சொன்னதும் "அந்தப் பக்கம் வராது" என்ற பதிலோடு வண்டி நகர்ந்துவிடும். அடுத்த வண்டியிலும் இதே பதில் வரும்.

இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. லண்டனில் ஆற்றுக்குத் தெற்கே போக மாட்டார்கள் என்பது பல தலைமுறைப் புகார். நியூயார்க்கில் மன்ஹாட்டனைத் தாண்டி வர மாட்டார்கள் என்பார்கள். ஹாங்காங்கில் துறைமுகத்தைக் கடக்கவும், சியோலில் நள்ளிரவுக்குப் பின் ஊர் எல்லைப் பக்கம் போகவும் இதே சிக்கல். எல்லா இடத்திலும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான், திரும்பி வரும் காலி ஓட்டம். அதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் ஏன் என்று புரியும்.

முதல் படி: டிரைவரின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வீடு 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 25 கிலோமீட்டருக்கு ஓடும். வண்டியோ 50 கிலோமீட்டர் ஓடும், ஏனென்றால் அந்த நேரத்தில் அங்கிருந்து நகரத்துக்குத் திரும்பி வர ஆள் கிடைக்காது. இது ஒரு பாதி. மறுபாதி மீட்டர் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்ததும் விழும் ஆரம்பக் கட்டணம், அதன் பிறகு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பதுதான் பெரும்பாலான ஊர்களின் முறை. ஆகவே நகர நடுவில் அடுத்தடுத்து மூன்று சின்னச் சவாரி எடுத்தால் மூன்று முறை ஆரம்பக் கட்டணம் கிடைக்கும். அதே நேரத்தை உங்களோடு நெடுஞ்சாலையில் செலவழித்தால் ஒரு முறைதான். வண்டி சொந்தமில்லாமல் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. முதலாளிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகுதான் அவருடைய சம்பாத்தியமே தொடங்குகிறது.

இன்னொரு காரணம் ஷிப்ட். ஒரே வண்டியை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் ஊர்களில், கைமாற்றும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் யாருமே எதிர்த்திசையில் தூரமாகப் போக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நியூயார்க்கின் மஞ்சள் டாக்ஸிகளுக்கு அது மாலை 4 முதல் 5 வரை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஊரில் எப்போது என்று இரண்டு டிரைவர்களிடம் விசாரித்தாலே தெரிந்துவிடும். அந்த நேரத்தைத் தவிர்த்தால் பாதி மறுப்பு தானாகவே குறைந்துவிடும்.

விமான நிலையத்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே டிரைவர்கள் வரிசையில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுப் பக்கத்துப் பேட்டைக்குப் போகச் சொன்னால் முகம் சுருங்கும், தூரமான இடத்தைச் சொன்னால் மலரும். ஆகவே புறநகரில் வீடு இருப்பவர்களுக்கு விமான நிலைய வரிசை பெரும்பாலும் தொல்லை தராது. வரிசையை விட்டு வெளியே வந்து, "வாங்க, நான் கொண்டு போய் விடுறேன்" என்று கூப்பிடுபவரிடம் மட்டும் போகாதீர்கள்.

இதையெல்லாம் சொல்வது மறுப்பை நியாயப்படுத்த அல்ல. டாக்ஸி உரிமம் என்பது ஊருக்குச் சேவை செய்வதற்காகக் கொடுப்பது. ஊரின் ஓரத்தில் இருப்பவர்களும் ஊர்க்காரர்கள்தான். இரவு வேலை முடிந்து திரும்பும் நர்ஸுக்கும், கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கும் அந்த "வராது" எவ்வளவு கனமானது என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கோபத்தால் வண்டி கிடைப்பதில்லை. காரணம் தெரிந்தால்தான் எங்கே பேசிப் பார்க்கலாம், எங்கே சட்டத்தைச் சொல்லலாம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இரண்டாம் படி: உங்கள் ஊரின் சட்டத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்

டாக்ஸி உரிமம் கொடுக்கும் அலுவலகத்தின் இணையதளத்தில் பயணிகளுக்கான பக்கம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். டிரைவர் எதுவரை வரக் கடமைப்பட்டவர், எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம், எல்லை தாண்டினால் கட்டணம் எப்படி மாறும்.

விதி ஊருக்கு ஊர் மாறுபடும். நியூயார்க்கில் பரோ என்று சொல்லப்படும் ஐந்து நகரப் பிரிவுகளுக்குள் எந்த மூலையைச் சொன்னாலும் மஞ்சள் டாக்ஸி போயாக வேண்டும். நகரை ஒட்டிய நாசோ, வெஸ்ட்செஸ்டர் மாவட்டங்களும் நியூவர்க் விமான நிலையமும்கூட அதில் அடக்கம். நீங்கள் ஏறி உட்காருவதற்கு முன்பு எங்கே போக வேண்டும் என்று டிரைவர் கேட்கவே கூடாது. லண்டனில் கறுப்பு டாக்ஸிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பெருநகர எல்லைக்குள் 12 மைல் அல்லது ஒரு மணி நேரப் பயணம் வரை கட்டாயம், அதற்கு மேல் அவர் விருப்பம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து என்றால் வரம்பு 20 மைல். ஹாங்காங்கில் வண்டியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு நகரத்துக்கு, பச்சை நகரத்துக்கு வெளியே இருக்கும் நியூ டெரிட்டரீஸ் பகுதிக்கு, நீலம் லாண்டாவ் தீவுக்கு. பச்சை வண்டி நகர நடுவுக்கு வர மறுத்தால் அது குற்றமில்லை, வருவதற்கு அவருக்கு அனுமதியே கிடையாது. ஜப்பானில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தகுந்த காரணமில்லாமல் பயணியை மறுக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆம் பிரிவில் சவாரி மறுப்புக்கு அபராதம் உண்டு. தொகை சின்னதுதான், ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

மறுக்க அனுமதிக்கும் காரணங்களையும் பார்த்து வையுங்கள். பயணி நிதானமில்லாத குடிபோதையில் இருப்பது, இருக்கைகளைவிட ஆட்கள் அதிகமாக இருப்பது, வண்டி ஏற்கெனவே முன்பதிவில் இருப்பது, பணி முடிந்ததற்கான விளக்கோ பலகையோ போட்டிருப்பது போன்றவை பல ஊர்களில் செல்லுபடியாகும். பலகையை மாட்டிக்கொண்டே மெதுவாக ஊர்ந்து, பிடித்த சவாரி வந்தால் மட்டும் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஹாங்காங்கிலும் சியோலிலும் இது பெரிய புகார். அந்த மாதிரி வண்டியோடு மல்லுக்கு நிற்காதீர்கள், நேரம்தான் வீணாகும்.

மூன்றாம் படி: நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

புதிதாக வந்தவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எங்கே மீட்டிங் முடிந்ததோ அந்த வாசலிலேயே நின்று கை காட்டுகிறார்கள். சாலையில் உங்கள் வீட்டுத் திசைக்குப் போகும் பக்கமாகப் போய் நில்லுங்கள். முடிந்தால் நகரத்தை விட்டு வெளியேறும் பெரிய சாலை தொடங்கும் சந்திப்பு வரை வந்துவிடுங்கள். அங்கே வரும் காலி வண்டிகளில் ஒரு பங்கு ஏற்கெனவே அந்தத் திசையில் போகிறவை. டிரைவர்களில் பலர் குடியிருப்பதும் ஊர் ஓரத்தில்தான், வாடகை அவர்களுக்கும் அதே பிரச்சினைதானே. ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் டிரைவருக்கு உங்கள் சவாரி காலி ஓட்டத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. நடு நகரத்தில் பாரமாக இருந்த பயணி அவருக்கு வரவு.

இதே தத்துவத்தை ஹாங்காங்கில் ஸ்டாண்டாகவே அமைத்துவிட்டார்கள். துறைமுகத்தைக் கடக்கும் டாக்ஸிகளுக்கென்று தனி ஸ்டாண்டுகள் உண்டு. மறுகரைக்குத் திரும்ப வேண்டிய வண்டிகள் அங்கே வந்து நிற்கும். சாதாரணமாகக் கடந்து போனால் வண்டி திரும்பி வரும் சுங்கத்தையும் பயணிதான் கொடுக்க வேண்டும். அந்த ஸ்டாண்டில் ஏறினால் போகும் சுங்கம் மட்டும் போதும். உங்கள் ஊரிலும் பெயர்ப்பலகை இல்லாமல் இப்படி ஓர் இடம் இருக்கலாம். பெரிய மருத்துவமனை வாசல், வெளியூர்ப் பேருந்து நிலையத்தின் பின்பக்கம், ஒரு டீக்கடை ஓரம் என்று எங்கேயாவது உங்கள் திசை வண்டிகள் கூடும். உங்களைக் கொண்டுவந்து விட்ட டிரைவரிடமே கேளுங்கள். "இந்தப் பக்கம் வர்ற வண்டியெல்லாம் ராத்திரி எங்க நிக்கும்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

நான்காம் படி: கதவருகே பேசும் விதம்

ஏறிய பிறகுதான் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கும் ஊரில் தயங்காமல் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட் போட்டு, பிறகு சொல்லுங்கள். இறங்கச் சொன்னால் குரலை உயர்த்தாமல், "விதிப்படி நீங்க வரணும், வண்டி நம்பரைக் குறிச்சுக்கிறேன்" என்று ஒரே முறை சொல்லிப் பாருங்கள். நிறையப் பேர் பெருமூச்சு விட்டுவிட்டு மீட்டரைப் போட்டுவிடுவார்கள். இரவில் தனியாக இருக்கிறீர்கள், டிரைவர் கோபமாகப் பேசுகிறார் என்றால் அந்த ஒரு முறையும் வேண்டாம், இறங்கிவிடுங்கள். கோபத்தில் இருப்பவரின் வண்டியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருவதற்கு எந்த உரிமையும் ஈடாகாது.

மற்ற ஊர்களில் இடத்தைச் சொல்லும் விதமே பாதி வேலையைச் செய்துவிடும். பேட்டையின் பெயரை மட்டும் சொன்னால் டிரைவரின் மனதில் குண்டும் குழியுமான சாலை, விளக்கில்லாத சந்து, வழி தெரியாமல் சுற்றுவது எல்லாம் ஓடும். பெரிய சாலையையும் எல்லோருக்கும் தெரிந்த அடையாளத்தையும் முதலில் சொல்லுங்கள். "பைபாஸ்லயே போயி பாலம் இறங்கினதும் இடது பக்கம், மெயின் ரோட்டுலயே இறங்கிக்கிறேன்" என்றால் அவர் பயம் குறைந்துவிடும். அப்புறம், "உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே இந்த வண்டி சரிப்படுமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பொய் மட்டும் சொல்லாதீர்கள். பாதி வழியில் உள்ள இடத்தைச் சொல்லி ஏறி, அங்கே போனதும் "இன்னும் கொஞ்சம் தூரம்தான்" என்று நீட்டுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆளில்லாத சாலையில் நடுவழியில் தகராறு வந்தால் இறங்கி நிற்கப் போவது நீங்கள்தான். அடுத்து வரும் புறநகர்ப் பயணியையும் அந்த டிரைவர் நம்ப மாட்டார்.

கூடுதல் பணம் கேட்டால் என்ன செய்வது? மீட்டர் கட்டாயம் என்ற ஊரில் மீட்டருக்கு மேல் பேரம் பேசுவதே குற்றம், ஒப்புக்கொள்ள வேண்டாம். சில ஊர்களில் காலி ஓட்டத்தைக் கட்டணத்திலேயே சேர்த்திருப்பார்கள். சியோல் டாக்ஸி நகர எல்லையைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டு. நியூயார்க் டாக்ஸி நாசோ, வெஸ்ட்செஸ்டர் எல்லைக்குள் போனதும் மீட்டர் இரட்டிப்பாகும். லண்டனில் சுமார் ஆறு மைலுக்குப் பிறகு மீட்டர் வேகமாக ஏறும். இவை தெரியாமல் போனால் நியாயமான கட்டணத்தையும் ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போடுவோம். மீட்டர் இல்லாமல் பேசிப் போகும் ஊர் என்றால், திரும்பும் ஓட்டத்தில் ஒரு பங்கு கேட்பது என் பார்வையில் தவறில்லை. ஆனால் மொத்தத் தொகை, சுங்கம் யார் பொறுப்பு, இரவுக் கட்டணம் உண்டா, பெட்டிகளுக்குத் தனியா என்பதையெல்லாம் வண்டி நகர்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஆப்பில் புக் செய்யும்போது

ஆப் வந்த பிறகு மறுப்பு போய்விடவில்லை, உருவம்தான் மாறியது. புக்கிங் ஏற்றுக்கொள்ளப்படும், உடனே போன் வரும். "டிராப் எங்க?" என்பது முதல் கேள்வி. "கேஷா, ஆன்லைனா?" என்பது இரண்டாவது. பதில் பிடிக்கவில்லை என்றால் "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க" என்பார். இல்லாவிட்டால் ஒன்றுமே சொல்லாமல் வரைபடத்தில் வண்டி அதே இடத்தில் நிற்கும், அல்லது எதிர்ப்பக்கமாக நகரும்.

நீங்கள் கேன்சல் செய்யாதீர்கள். யார் ரத்து செய்தார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நீங்கள் ரத்து செய்தால் கட்டணம் உங்கள் கணக்கில் விழலாம், அவர் கணக்கில் எதுவும் ஏறாது. போனில் பேசுவதைவிட ஆப்பின் உள்ளே இருக்கும் மெசேஜில் பேசுங்கள், "வர்றீங்களா?" என்று எழுதிக் கேளுங்கள். எழுத்தில் இருப்பது பிறகு சாட்சியாகும். வண்டி நகராமல் நிற்கும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஐந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு வேறு வழியில்லை என்றால், காரணம் கேட்கும் இடத்தில் டிரைவர் ரத்து செய்யச் சொன்னார் அல்லது வண்டி வரவில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் பிடித்திருந்தால் அதே ஆப்பில் உதவிப் பகுதிக்குப் போய்த் திருப்பிக் கேளுங்கள். இந்தியாவில் ஒன்றிய அரசு 2020-இல் வெளியிட்ட செயலி டாக்ஸி வழிகாட்டுதல்கள், காரணமில்லாமல் ரத்து செய்யும் டிரைவருக்குக் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் என்று அபராதம் வைத்தன.

இங்கேயும் வீடு திரும்பும் டிரைவர்தான் உங்களுக்கு ஏற்ற ஆள். ஊபர் போன்ற செயலிகளில் டிரைவர் தான் போகும் திசையைக் குறித்துவைத்து, அந்த வழியில் வரும் சவாரியை மட்டும் பெறும் வசதி உண்டு. ஆகவே முதல் இரண்டு பேர் ரத்து செய்துவிட்டார்கள் என்று சோர்ந்துவிடாமல், பத்து நிமிடம் கழித்து, முன்பு சொன்ன வெளியேறும் சாலைக்கு வந்து மறுபடி புக் செய்யுங்கள். வரைபடத்தில் இறங்கும் இடத்தைக் காட்டும் பின்னைச் சந்தின் உள்ளே வைக்காமல் பெரிய சாலையில் வைப்பதும் உதவும். ஆனால் பின்னை வைத்த இடத்தில்தான் இறங்க வேண்டும், உள்ளே வரச் சொல்லக் கூடாது.

ஆறாம் படி: பயணத்தை இரண்டாக உடையுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைச் சொல்வேன். நகர நடுவிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரே டாக்ஸி என்ற எண்ணத்தை விடுங்கள். ரயிலிலோ பேருந்திலோ உங்கள் பக்கத்துக் கடைசிப் பெரிய நிலையம் வரை போய்விட்டு, அங்கே இருக்கும் உள்ளூர் டாக்ஸியைப் பிடியுங்கள். அந்த டிரைவருக்கு உங்கள் பேட்டை புறநகர் இல்லை, சொந்த ஊர். ஐந்து கிலோமீட்டர் போய் அதே ஸ்டாண்டுக்குத் திரும்புவதில் அவருக்கு நஷ்டமும் இல்லை.

நியூயார்க் நகரமே கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தது. மஞ்சள் டாக்ஸிகள் வெளிப் பகுதிகளுக்கு வராத குறையைத் தீர்க்க 2013-இல் பச்சை நிற பரோ டாக்ஸிகளை இறக்கினார்கள். மன்ஹாட்டனின் நடுவிலும் தெற்கிலும் சாலையில் ஆள் ஏற்ற அவற்றுக்கு அனுமதி இல்லை, வெளிப் பகுதிகளில்தான் ஏற்றலாம். சியோல் அதே 2013-இல் இரவுப் பேருந்துகளைத் தொடங்கியது. நள்ளிரவுக்குப் பின் மக்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதைக் கைப்பேசி அழைப்புத் தரவுகளை வைத்துக் கண்டுபிடித்து வழித்தடம் போட்டார்கள். உங்கள் ஊரில் இரவுப் பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள், பல ஆண்டு இருந்தவர்களுக்கே தெரியாமல் இருக்கும்.

இதற்குத் தேவை மூன்று தகவல்கள்: கடைசி ரயிலின் நேரம், அந்த நிலையத்தில் டாக்ஸி எத்தனை மணி வரை நிற்கும், நிலையத்தின் எந்த வாசலில் நிற்கும். வாசல் மாறி இறங்கினால் இருட்டில் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும், அதனால் பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: புகார்

வண்டி எண், டிரைவரின் உரிம எண் தெரிந்தால் அது, இடம், நேரம், அவர் சொன்ன வார்த்தை. இந்த ஐந்தையும் அந்த இடத்திலேயே போனில் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்த்தால் வண்டி எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிடும், புகார் அங்கேயே செத்துவிடும். நியூயார்க்கில் 311, சியோலில் 120 என்று எளிய எண்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் எண்ணைத் தேடி இன்றே சேமித்துவிடுங்கள். விசாரணைக்குப் பதில் சொல்லத் தயாரா என்று கேட்டால் தயார் என்று சொல்லுங்கள், புகார் கொடுத்தவர் பின்வாங்கினால் வழக்கு நிற்காது. ஒரு புகாரால் என்ன ஆகும் என்று தோன்றும். தென்கொரியாவில் 2015 முதல் இரண்டு ஆண்டுக்குள் மூன்று முறை சவாரி மறுப்பு நிரூபணமானால் டிரைவரின் உரிமமே ரத்தாகும். அங்கே உங்கள் புகார் மூன்றாவதாக இருக்கலாம்.

இடத்தைக் காரணம் காட்டி ஆளை மறுப்பதும் நடக்கிறது, இதை மென்று விழுங்காதீர்கள். கறுப்பின அமெரிக்க நடிகர் டேனி க்ளோவர் 1999-இல் நியூயார்க்கில் டாக்ஸிகள் தன்னை ஏற்ற மறுத்ததாகப் புகார் கொடுத்தார். நிறத்தைப் பார்த்து மறுப்பதும் பேட்டையைச் சொன்னதும் மறுப்பதும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பது அப்போது ஊரறிய வெளியே வந்தது. பெயர் தெரிந்த ஒரு நடிகருக்கே அந்த நிலை. உங்களை மறுத்த அதே வண்டி, அதே பக்கம் போகும் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டால் அதையும் எழுதுங்கள். உங்கள் நிறம், உடை, மொழி, சக்கர நாற்காலி, வழிகாட்டி நாய் ஆகியவற்றுக்காக மறுத்தார்கள் என்று தோன்றினால் அது சவாரி மறுப்பைத் தாண்டிய தனிக் குற்றமாகப் பல நாடுகளில் இருக்கிறது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி வழிகாட்டி நாயைக் கூடுதல் கட்டணமின்றி ஏற்றியாக வேண்டும்.

கடைசியாக: உங்கள் பேட்டை டிரைவர்கள்

குடிவந்த முதல் மாதத்திலேயே உங்கள் பகுதியில் வசிக்கும் இரண்டு மூன்று டிரைவர்களின் எண்ணை வாங்கி வையுங்கள். ஒருவர் போதாது, அவருக்கும் காய்ச்சல் வரும், அவரும் ஊருக்குப் போவார். பக்கத்து வீட்டிலும் மளிகைக் கடையிலும் கேட்டால் யார் நம்பிக்கையானவர் என்று சொல்லிவிடுவார்கள். விடியற்காலை விமானம், மருத்துவமனைத் தேதி, வயதான அப்பா அம்மா வந்து இறங்கும் நாள் போன்றவற்றுக்கு முந்தைய நாள் மாலையே சொல்லி, இரவு படுக்கும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். நகரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும் என்றால் காத்திருப்புக்கும் சேர்த்து ஒரே வண்டியாகப் பேசுங்கள், காலி ஓட்டமே இருக்காது. வரச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் பாதித் தொகையாவது கொடுத்துவிடுங்கள், அவர் அந்த நேரத்துக்கு வேறு சவாரியை விட்டிருப்பார். நெஞ்சுவலி, பிரசவ வலி போன்ற அவசரத்துக்கு மட்டும் இந்த எண்களை நம்பியிராமல் ஆம்புலன்ஸுக்குத்தான் முதலில் போன் செய்ய வேண்டும். உங்கள் தெருவை எப்படி அடையாளம் சொல்வது என்று வீட்டில் எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.